லா காலேஜ்ல புதுசா சேர்ந்தவங்களுக்கு: ஊரே கேக்கற கேஸுக்கு எப்படி தயாராகறது

லா காலேஜ்ல அட்மிஷன் போட்டு ஐடி கார்டு கூட கைக்கு வந்திருக்காது, அதுக்குள்ள ஊர்ல நீங்க வக்கீல் ஆயிடுவீங்க. எங்க கொழிஞ்சாம்பாறை (கேரளாவுல பாலக்காடு ஜில்லா, எல்லை ஊரு) பக்கம் ஒரு கல்யாணப் பந்தியில உக்காந்தேன், பக்கத்து இலைக்காரர் ரசத்துக்கு குழி பறிச்சுகிட்டே "ஏங்கண்ணு, முல்லைப்பெரியாறு கேஸு இப்ப எந்த மட்டுல நிக்குது?"ன்னு கேட்டாரு. எதிர் இலையில ஒரு மலையாளி சேட்டன், அவரும் காத இந்தப் பக்கம் வச்சுட்டாரு. நான் டிவில பார்த்தத அப்படியே ஒப்பிச்சேன், அது 2006 தீர்ப்பா 2014 தீர்ப்பான்னு கூட எனக்கு தெரியாது. ரெண்டு பேரும் எனக்கு மேல வெவரமா இருந்தாங்க. பாயசம் வர்றதுக்குள்ள எந்திரிச்சு கை கழுவ போயிட்டேன்.

இப்ப படிப்பு முடிச்சு ஒரு சீனியர்கிட்ட ஜூனியரா ஓடிட்டு இருக்கேன். சிலபஸ்ல கான்ட்ராக்ட், டார்ட்ஸ்னு வரிசையா வரும், ஆனா இன்னிக்கு பேப்பர்ல வந்த கேஸை எப்படி எடுத்து படிக்கணும், யாரோட பேசணும், எங்க வாய மூடணும்னு யாரும் கிளாஸ் எடுக்க மாட்டாங்க. அத சீனியர் பசங்ககிட்ட டீக்கடையில கத்துகிட்டதுதான். கத்துகிட்ட வரிசையிலயே எழுதறேன், நீங்க உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கங்க.

1. ஒரே ஒரு விஷயத்த புடிங்க, அதுவும் வீட்டு வாசல்ல கிடக்கறத

முதல் வருஷ பசங்க எல்லாருக்கும் டெல்லி கேஸு மேலதான் கண்ணு. ஆளுநர், தேர்தல் ஆணையம், கொலீஜியம். வேண்டாம்னு சொல்லல, ஆனா அதுல ஏற்கனவே ஆயிரம் பேர் பேசிட்டாங்க, நீங்க பேசறது அவங்க பேசினதோட ஜெராக்ஸாதான் இருக்கும். எல்லை ஊர்ல பொறந்ததுக்கு ஒரு லாபம் இருக்கு, நம்ம கண்ணு முன்னாடி ஒரே பொருள் பத்தடி தூரத்துல ரெண்டு சட்டமா மாறும்.

பொள்ளாச்சியில பஸ் ஏறி கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி இறங்குங்க. லாட்டரிக் கடை வரிசை. தமிழ்நாட்டுல 2003-ல இருந்து லாட்டரி தடை, அந்தப் பக்கம் அதே சீட்ட வித்தா கேஸு, இந்தப் பக்கம் 1967-ல இருந்து கவர்மெண்டே டிபார்ட்மெண்ட் வச்சு நடத்துது. இது எப்படி முடியும்னு கேட்டுப் பாருங்க. அரசு நடத்தற லாட்டரி மத்திய பட்டியல்ல வருது, 1998-ல லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம்னு ஒண்ணு வந்தது, அதுல செக்ஷன் 5 வேற மாநிலத்து சீட்ட தன் எல்லைக்குள்ள தடை பண்ண ஒரு மாநிலத்துக்கு அதிகாரம் குடுக்குது. அது செல்லும்னு சுப்ரீம் கோர்ட் 1999-ல சொல்லியாச்சு. பாருங்க, ஒரு லாட்டரிக் கடையில நின்னுகிட்டே அரசியல் சாசனத்தோட ஏழாவது அட்டவணைக்கு, அதாவது எது மத்திய அரசுக்கு எது மாநிலத்துக்குன்னு பிரிக்கற பட்டியலுக்கு, போயிட்டீங்க.

கள்ளும் அப்படித்தான். பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்கா தென்னந்தோப்புல இறக்கற கள்ளு கேரளாவுல பல ஜில்லாவுக்கு வண்டியில போகுது, எல்லைக்கு அந்தப் பக்கம் 1987 ஜனவரில இருந்து கள்ளு இறக்கறதே குத்தம். மதுங்கறது மாநிலப் பட்டியல், அவங்கவங்க இஷ்டம். இத தேடும்போது ஒரு கூத்து நடந்தது, கேரளா அப்காரி சட்டத்து (மது பத்தின சட்டம்) மேல "1077"ன்னு வருஷம் போட்டிருக்கும். எங்க கிளாஸ்ல ஒரு பையன் இது குலோத்துங்க சோழன் காலத்து சட்டம்டான்னு நிஜமாவே நம்பிட்டான். அது கொல்லம் ஆண்டுங்க, நம்ம கணக்குல 1902 வாக்குல.

கள்ளு, லாட்டரி, பரம்பிக்குளம் ஆளியாறு தண்ணி, எல்லை தாண்டி கொட்டற குப்பை, இதுல ஒண்ண எடுத்து ஒரு செமஸ்டர் பூரா அதையே தொரத்துங்க. தெனம் ஒரு டாபிக் மாத்தினா ஒண்ணும் ஒட்டாது.

2. எந்த கோர்ட், எந்த ஸ்டேஜ்

"கோர்ட் அதிரடி"ன்னு தலைப்பு பார்த்தா உடனே நாலு கேள்வி கேளுங்க. எந்த கோர்ட்? யாரு யார் மேல போட்டது? இது இடைக்கால உத்தரவா, கடைசித் தீர்ப்பா? இல்ல ஜட்ஜ் விசாரணை நடுவுல வாயில சொன்னதா? இந்த கடைசி கேள்விதான் ரொம்ப முக்கியம், ஏன்னா பேப்பர்ல வர்ற அதிரடியில பல நேரம் வாயில சொன்னதுதான், ஆர்டர எடுத்து பார்த்தா "எதிர்மனுதாரர் நாலு வாரத்துல பதில் தாக்கல் செய்யணும்"னு ரெண்டு வரிதான் இருக்கும். வாயில சொன்னதுக்கு சட்டத்துல மதிப்பு கிடையாது, ஆர்டர்ல கையெழுத்து விழுந்தாதான் உத்தரவு.

2024 டிசம்பர்ல கேரளா ஆஸ்பத்திரிக் கழிவு திருநெல்வேலி ஜில்லா கிராமங்கள்ல கொட்டிக் கிடந்துச்சே, ஞாபகம் இருக்கா? எங்க வாட்ஸ்அப் குரூப்ல "ஹைகோர்ட் உத்தரவு"ன்னு ஓடிச்சு. மூணு நாளைக்குள்ள அள்ளிட்டு போகச் சொல்லி கேரளாவுக்கு உத்தரவு போட்டது தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தோட தெற்கு மண்டல பெஞ்ச், சென்னையில இருக்கு. அது ஹைகோர்ட் இல்ல, 2010 சட்டத்துல உருவான தீர்ப்பாயம், அதுக்கு தனி அதிகாரம் தனி வரம்பு. லாரி வந்து அள்ளிட்டும் போச்சு. "எந்த அமைப்பு, அதுக்கு இந்த அதிகாரம் எந்த சட்டத்துல வந்துது"ன்னு ஒரு நிமிஷம் பார்த்திருந்தா குரூப்ல அத்தன சண்டை வந்திருக்காது. மருத்துவக் கழிவுக்குன்னே 2016-ல தனி விதிகள் இருக்கு, சண்டை போட்டவங்கள்ல அதப் படிச்சவங்க யாருமே இல்ல, நானும் இல்ல.

ஈகோர்ட்ஸ் ஆப் போன்ல ஏத்திக்கங்க. ஒவ்வொரு கேஸுக்கும் சிஎன்ஆர் நம்பர்னு 16 எழுத்துல ஒண்ணு இருக்கும், அத போட்டா அடுத்த வாய்தா எப்போ, கடைசியா என்ன நடந்ததுன்னு வந்துடும். காசு கிடையாது. கேஸ் நடத்தற கட்சிக்காரங்களுக்கு வக்கீல் ஆபீஸ் வாசல்ல நாள் பூரா காத்துக் கிடந்து தெரிய வேண்டிய சங்கதி இது, நம்ம ஊர்ல இன்னும் நிறைய பேருக்கு இந்த ஆப் இருக்கறதே தெரியாது. அத ஊர்ல நாலு பேருக்கு ஏத்திக் குடுத்தாலே பெரிய காரியம்.

3. தீர்ப்ப படிக்கறது, படிச்சப்புறம் அதுக்கு என்ன ஆச்சுன்னு பார்க்கறது

இதுலதான் நான் நல்லா அடி வாங்கினேன், அதனால கொஞ்சம் நீட்டமாவே சொல்றேன்.

பிளாச்சிமடை எங்க ஊர்ல இருந்து கூப்பிடு தூரம்தான், சித்தூர் தாலுக்கா, பெருமாட்டி பஞ்சாயத்து. கோகோ கோலா கம்பெனி 2000-ல அங்க ஆலை ஆரம்பிச்சது, கிணத்துத் தண்ணி கெட்டுப் போச்சு, வத்திப் போச்சுன்னு 2002 ஏப்ரல்ல ஆலை வாசல்ல போராட்டம் ஆரம்பிச்சது, மயிலம்மாங்கற ஆதிவாசிப் பெண்மணி முன்னால நின்னாங்க. 2003-ல பஞ்சாயத்து லைசென்ஸ புதுப்பிக்க மாட்டேன்னுச்சு. கேஸு கேரளா ஹைகோர்ட்டுக்கு போயி 2003 டிசம்பர்ல சிங்கிள் ஜட்ஜ் தீர்ப்பு, நிலத்தடி நீர் மக்கள் சொத்து, அரசாங்கம் அதுக்கு காவக்காரன் மாதிரின்னு. படிச்சா ரோமம் நிக்கும், எங்க ஊரு பேரு போட்ட தீர்ப்பு வேற.

செகண்ட் இயர்ல ஒரு மூட் கோர்ட் (பசங்க வாதாடிப் பழகற மாதிரி கோர்ட்), தண்ணி உரிமை பத்தின பிராப்ளம். மெமோரியல்ல (எழுத்துல குடுக்கற வாதம்) முதல் பாயிண்டே இந்த தீர்ப்பு. சத்தமா வாசிச்சேன். ஜட்ஜா உக்காந்திருந்த சீனியர் வக்கீல் கண்ணாடிய கழட்டி மேசையில வச்சுட்டு, "கவுன்சல், இதுக்கு அப்பீல் போச்சே, என்ன ஆச்சு?"ன்னு கேட்டாரு. எனக்கு ஒண்ணும் தெரியல. கூட வாதாட நின்ன பொண்ணு என் கால மிதிச்சா, அவளுக்கும் தெரியாது, சும்மா பயத்துல மிதிச்சிருக்கா.

நடந்தது என்னன்னா 2005 ஏப்ரல்ல டிவிஷன் பெஞ்ச் (ரெண்டு ஜட்ஜ்) அந்த தீர்ப்ப மாத்திடுச்சு, நிலத்துக்காரனுக்கு தன் நிலத்துத் தண்ணிய எடுக்க உரிமை இருக்குன்னு சொல்லி தெனம் 5 லட்சம் லிட்டர் வரைக்கும் எடுக்க அனுமதி குடுத்துச்சு. ஆனா ஆலை அதுக்கு முந்தின வருஷமே, 2004 மார்ச்சுலயே நின்னு போச்சு, அப்புறம் ஓடவே இல்ல. சுப்ரீம் கோர்ட்ல அப்பீல் கிடந்து 2017-ல கம்பெனி இனி ஆலைய நடத்தப் போறதில்லன்னு சொல்ல, கேஸு முடிஞ்சு போச்சு. தண்ணி யாருக்குங்கற கேள்விக்கு சுப்ரீம் கோர்ட் அங்க பதிலே சொல்லல. நடுவுல 2010-ல உயர்மட்டக் குழு 216 கோடி ரூபாய்க்கு மேல நஷ்டம்னு கணக்கு போட்டுச்சு, 2011-ல கேரள சட்டசபை நஷ்டஈட்டுக்கு தனி தீர்ப்பாயம் அமைக்க மசோதா நிறைவேத்துச்சு, ஜனாதிபதி ஒப்புதல் கிடைக்கல. ஊர்ல கேட்டா "கேஸு நம்ம ஜெயிச்சோம்"பாங்க. போராட்டம் ஜெயிச்சுது, ஆலை மூடிச்சு, சரிதான். ஆனா சட்டத்துல ஜெயிச்சமா? அத யோசிக்கத்தான் நாம லா காலேஜ் வந்தது.

அதனால எந்த தீர்ப்ப கையில எடுத்தாலும் எத்தன ஜட்ஜ், அப்பீல் போச்சா, பெரிய பெஞ்ச் அப்புறம் எதாவது சொல்லுச்சா, இத பார்த்துட்டுதான் வாய திறக்கணும். ஆளுநர் விவகாரமே எடுத்துக்கங்க, தமிழ்நாடு போட்ட கேஸ்ல 2025 ஏப்ரல் 8-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டோட ரெண்டு ஜட்ஜ் பெஞ்ச், ஆளுநர் மசோதாவ கிடப்புல போடக்கூடாதுன்னு காலக்கெடு எல்லாம் வச்சு தீர்ப்பு குடுத்துச்சு, நம்ம கேரளாக்காரங்களும் குஷி ஆனாங்க, ஏன்னா இவங்களுக்கும் அதே தலைவலி. அப்புறம் ஜனாதிபதி 143-வது பிரிவுல (சுப்ரீம் கோர்ட்கிட்ட கருத்து கேக்கற பிரிவு) கேள்வி கேட்டு, நவம்பர் 20-ம் தேதி அஞ்சு ஜட்ஜ் பெஞ்ச், கோர்ட் அப்படி காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் குடுத்ததா கருதிக்கலாம்ங்கறதும் ஆகாதுன்னு கருத்து சொல்லிடுச்சு. ஏப்ரல் தீர்ப்ப மட்டும் படிச்சுட்டு டிசம்பர்ல பேசினா என் மூட் கோர்ட் கதைதான். 143-ல சொல்ற கருத்து எந்த அளவுக்கு கட்டுப்படுத்தும்? அருமையான விவாதத் தலைப்பு, எடுத்துக்கங்க.

தீர்ப்பு படிக்க காசு செலவு பண்ண வேண்டாம். சுப்ரீம் கோர்ட் தன் அதிகாரப்பூர்வ தீர்ப்புத் தொகுப்பயே 2023 ஜனவரில இருந்து இணையத்துல இலவசமா போடுது, ஒரு பகுதி தமிழ்லயும் மொழிபெயர்ப்பு இருக்கு. தீர்ப்பு தேடற இந்தியன் கானூன் வெப்சைட் எல்லாருக்கும் தெரிஞ்சது. தமிழ் மொழிபெயர்ப்ப புரிஞ்சுக்க வச்சுக்கங்க, மேற்கோள் காட்ட இங்கிலீஷ் மூலத்துக்கு போயிடுங்க. முழுசா 300 பக்கம் படிக்க முடியலன்னா தப்பில்ல, முதல்ல சம்பவம், அப்புறம் கோர்ட் தனக்குத் தானே போட்டுக்கிட்ட கேள்விகள், அப்புறம் கடைசி பத்து பக்கம். ஹெட்நோட் (தீர்ப்புக்கு மேல போடற சுருக்கம்) மட்டும் படிச்சுட்டு வந்து பேசறவங்கள சீனியருங்க மூணாவது வாக்கியத்துல கண்டுபிடிச்சிடுவாங்க.

4. பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாத வெறும் சட்டப் புத்தகம்) கையில இருக்கட்டும்

2024 ஜூலை 1-ல இருந்து ஐபிசி (தண்டனைச் சட்டம்) போயி பிஎன்எஸ், சிஆர்பிசி (குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம்) போயி பிஎன்எஸ்எஸ், சாட்சியச் சட்டம் போயி பிஎஸ்ஏ. நம்ம ஆளுங்க வாயில கொலைன்னா இன்னும் ஐபிசி 302-தான். இப்ப கொலைக்கு தண்டனை 103. பிஎன்எஸ்ல 302 என்னன்னு பார்த்தா, அடுத்தவங்க மத உணர்வ புண்படுத்தணும்னு பேசறது! ஏமாத்தறவனுக்கு 420 போயி 318-ல நாலாவது உட்பிரிவு. ஊர்ல "அவன் சரியான நானூத்தி இருவது"ன்னு திட்டறத யாராலயும் திருத்த முடியாது, ஆனா நோட்ஸ்ல நீங்க திருத்தணும். அதுக்காக பழைய புத்தகத்த எடைக்கு போட்டுடாதீங்க. ஜூலை 1-க்கு முன்னால நடந்த குத்தத்துக்கு ஐபிசிதான், செய்யும்போது எந்த சட்டம் இருந்ததோ அதுலதான் தண்டிக்க முடியும், அரசியல் சாசனம் 20(1). கோர்ட்ல இன்னும் பல வருஷம் ரெண்டும் ஓடும்.

5. வட்டம் போட்டு பேசறது

ஆறேழு பேர் போதும். எங்களோடது சனிக்கிழமை மத்தியானம், காலேஜுக்கு எதிர்ல ஒரு பேக்கரி, பழம்பொரியும் கட்டன்சாயாவும், பில்ல அன்னிக்கு தயாராகாம வந்தவன் குடுக்கணும். விதி ரெண்டே ரெண்டுதான், தீர்ப்பயோ சட்டத்தயோ படிச்சிருக்கணும், அப்புறம் உன் ஊருக்கு எதிர்ப்பக்கம் நின்னு பேசணும்.

ரெண்டாவது விதி ஏன்னா, கிளாஸ்ல பாதி தமிழ், பாதி மலையாளம். முல்லைப்பெரியாறுன்னு ஒருத்தன் ஆரம்பிச்சா அங்கயே அணை உடைஞ்சிடும். ஒரு தடவ இடுக்கிக்காரன் ஒருத்தன தமிழ்நாட்டுக்கு வாதாட வச்சோம், என்ன கேரளாவுக்கு. அவன் வீடு அணைக்கு கீழ இருக்கு, மழைக்காலத்துல அவங்கம்மா ராத்திரி தூங்கறதில்லயாம். அப்படிப்பட்டவன் எந்திரிச்சு 1886 குத்தகை, 999 வருஷம், 1895-ல கட்டி முடிச்சது, 2006-ல சுப்ரீம் கோர்ட் 142 அடி தேக்கலாம்னு சொன்னது, உடனே கேரளா சட்டத்த திருத்தி 136 அடிக்கு மேல கூடாதுன்னு கட்டிப் போட்டதுன்னு வரிசையா அடுக்கிட்டு, "கோர்ட் உண்மைன்னு முடிவு பண்ணின ஒரு விஷயத்த சட்டசபை ஒரு சட்டம் போட்டு இல்லன்னு ஆக்க முடியுமா?"ன்னு என்ன பார்த்து கேட்டான். 2014 மே 7-ம் தேதி அஞ்சு ஜட்ஜ் பெஞ்ச் சொன்னது அதேதான், முடியாதுன்னு அந்த திருத்தச் சட்டத்த ரத்து பண்ணினாங்க. நான் கேரளா பக்கம் நின்னு கீழ இருக்கற ஜனங்க உயிர், நூறு வருஷம் தாண்டின சுண்ணாம்புச் சுர்க்கி கட்டடம், ஒரு அணை பத்திரமா இருக்கறதுங்கறது 2006-ல பார்த்து முடிஞ்சு போற விஷயமா, நாளுக்கு நாள் மாறாதான்னு பேசினேன். பேசப் பேச எனக்கே தொண்டை அடைச்சிடுச்சு. தேனி, மதுரைக்கு அந்தத் தண்ணி இல்லன்னா என்னன்னு எனக்கும் தெரியும், எங்க சித்தி ஊரு கம்பம்.

அன்னிக்கு தீர்வு ஒண்ணும் கிடைக்கல, பில்லு மட்டும் நான் குடுத்தேன், அணை பாதுகாப்புச் சட்டம் 2021 பத்தி கேட்டதுக்கு முழிச்சதால.

6. கோர்ட்டுக்கு போங்க

பார் கவுன்சில் விதிப்படி ஒரு சிவில் ஒரு கிரிமினல்னு ரெண்டு விசாரணைய நேர்ல பார்த்து ரெக்கார்டு எழுதணும், மார்க் இருக்கு. இன்டர்ன்ஷிப்பும் அஞ்சு வருஷக்காரங்களுக்கு மொத்தம் 20 வாரம், மூணு வருஷக்காரங்களுக்கு 12 வாரம். சீனியரோட ரெக்கார்ட வாங்கி காப்பி அடிக்கறது ஊரறிஞ்ச ரகசியம், அத செஞ்சா நஷ்டம் உங்களுக்குத்தான். வெள்ளைச் சட்டை, போன் சைலன்ட்டுல இல்ல, ஆஃப்லயே. கடைசி பெஞ்சுல உக்காருங்க, ஜட்ஜ் வரும்போதும் போகும்போதும் எந்திரிங்க, உள்ள போகும்போது தலைய லேசா தாழ்த்துங்க. காஸ் லிஸ்ட் (அன்னிக்கு வர்ற கேஸ் பட்டியல்) வாசல்ல ஒட்டியிருக்கும். குமாஸ்தாக்கள மதிச்சு "அண்ணா"ன்னு கூப்பிட்டா எந்த கேஸ்ல இன்னிக்கு குறுக்கு விசாரணைன்னு அவங்களே சொல்லிடுவாங்க, வக்கீல்களுக்கு மேல அவங்களுக்கு தெரியும்.

அரசியல் சாசன பெஞ்ச் விசாரணைய இப்ப போன்லயே நேரலையா பார்க்கலாம். அதுக்கு 2018-ல சுப்ரீம் கோர்ட் வழி விட்டுச்சே, அந்த மனு போட்டவர்ல ஒருத்தர் ஸ்வப்னில் திரிபாதி, அப்ப அவரு லா ஸ்டூடன்ட். இணையத்துல எழுதறதுக்கு கேஸ் போட விட்ட ஐடி சட்டம் 66ஏ பிரிவ 2015-ல தூக்கின கேஸ்ல மனுதாரர் ஸ்ரேயா சிங்காலும் சட்டம் படிச்சுட்டு இருந்தவங்கதான், அதே தீர்ப்புல கேரளா போலீஸ் சட்டத்தோட 118(டி)-யும் சேர்ந்து போச்சு, இத நம்ம பக்கத்துலயே பலருக்கு தெரியாது.

7. லீகல் எய்டு கிளினிக் (இலவச சட்ட உதவி மையம்)

எல்லா லா காலேஜ்லயும் இருக்கணும், நிறைய இடத்துல போர்டு மட்டும் இருக்கும். எங்களோடதும் அப்படித்தான் பூட்டிக் கிடந்தது, சாவி யார்கிட்டன்னு கண்டுபிடிக்கவே ஒரு மாசம் ஆச்சு. தொறந்தப்புறம் மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ஊர் ஊரா போய் மேசை போட்டு உக்காந்தோம்.

ஒரு ஆத்தா மஞ்சப் பையில இருந்து ஒரு காகிதம் எடுத்தாங்க, நாலா மடிச்சு, அரிசி டப்பாவுக்குள்ள வச்சிருந்ததால மடிப்பு பூரா மாவு. "இத ஆராச்சும் படிச்சு சொல்லுங்க சாமி, வீட்ல ஒருத்தருக்கும் மலையாளம் படிக்கத் தெரியாது"ன்னாங்க. வீட்ல எல்லாரும் மலையாளம் பேசுவாங்க, படிச்சது தமிழ் மீடியம். முன்சீப் கோர்ட் சம்மன், பாகப்பிரிவினை கேஸு, கொழுந்தனார் போட்டது, ஆஜராக வேண்டிய தேதிக்கு ஒன்பது நாள்தான் பாக்கி. அத விட்டிருந்தா எக்ஸ் பார்ட்டி, அதாவது ஆத்தா வராமலே ஒருதலையா முடிவு, ஆகியிருக்கும். நாங்க செஞ்சது ரெண்டே வேலை, வரி வரியா தமிழ்ல படிச்சுக் காட்டினோம், மறுநாள் தாலுக்கா சட்ட சேவைக் கமிட்டிக்கு கூட்டிட்டு போனோம். பெண்களுக்கு, எஸ்சி எஸ்டி மக்களுக்கு, குழந்தைகளுக்கு, மாற்றுத் திறனாளிகளுக்கு, காவல்ல இருக்கறவங்களுக்கு வருமானமே பார்க்காம இலவச வக்கீல், 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், செக்ஷன் 12. போன் நம்பர் 15100. ஆத்தாவுக்கு இது தெரியாது, சரி. கூட வந்த பிகாம் படிச்ச பேரனுக்கும் தெரியல.

கவனம் ஒண்ணு, ஆலோசனை சொல்லாதீங்க. "நீங்க ஜெயிச்சிடுவீங்க ஆத்தா"ன்னு வாய் தவறிக் கூட வரக்கூடாது. வக்கீல் சட்டப்படி பதிவு பண்ணினவங்கதான் வக்கீல் தொழில் பண்ண முடியும், நாம படிச்சுக் காட்டலாம், வழி காட்டலாம், எழுதிக் குடுக்க உதவலாம், அவ்வளவுதான். இன்னொண்ணு, கேரளாவுல தமிழ்ச் சிறுபான்மையா இருக்கறவங்க அரசு ஆபீஸுக்கு தமிழ்ல மனு குடுக்க கேரள ஆட்சிமொழிச் சட்டத்துல இடம் இருக்கு, அரசியல் சாசனம் 350-ம் கை குடுக்குது. கவுண்டர்ல இருக்கறவரு மலையாளத்துல எழுதிட்டு வான்னு திருப்பி அனுப்பினா சண்டை போடாம அந்த பிரிவு நம்பர சொல்லுங்க. நான் சொல்லிப் பார்த்திருக்கேன், பாதி நேரம் வேலை செய்யும்.

8. போன்ல எழுதறதுக்கு முன்னாடி

பாலியல் குத்தத்துல பாதிக்கப்பட்டவங்க பேர், ஊர், பள்ளிக்கூடம், அடையாளம் காட்டற எதையும் எழுதக்கூடாது, பிஎன்எஸ் 72, குழந்தைங்கன்னா போக்சோ 23. "நீதி வேணும்"னு போட்டோவோட ஸ்டேட்டஸ் வைக்கறதும் குத்தம்தான், லா ஸ்டூடன்ட்டே அத செஞ்சத பார்த்திருக்கேன். முடிஞ்ச கேஸோட தீர்ப்ப நியாயமா விமர்சிக்கலாம், அது அவமதிப்பு ஆகாதுன்னு 1971 கோர்ட் அவமதிப்புச் சட்டம் செக்ஷன் 5 சொல்லுது. தீர்ப்பு தப்புங்கறது விமர்சனம், ஜட்ஜ் காசு வாங்கிட்டாருங்கறது வேற.

9. ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்)

படிச்சு, பேசி, ஊருக்கும் போயிட்டு வந்தா ரத்தம் சூடாகும், நேரா பிஐஎல் (பொதுநல வழக்கு) போடலாம்னு தோணும். இருங்க. முதல்ல பத்து ரூபாய் கட்டி ஒரு ஆர்டிஐ. முப்பது நாள்ல பதில் வரணும், வரலன்னா அடுத்த முப்பது நாளைக்குள்ள முதல் மேல்முறையீடு. கையில காகிதம் இல்லாம கோர்ட்டுக்கு போனா, பேப்பர் செய்திய நம்பி வந்தியான்னுதான் கேப்பாங்க.

நான் போட்ட முதல் ஆர்டிஐ எங்க ஏரியாவுல எல்லை தாண்டி வர்ற குப்பை வண்டி பத்தி. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?"ன்னு ஆவேசமா கேட்டிருந்தேன். இது தகவல் இல்லன்னு ஒரே வரியில பதில். சட்டம் குடுக்கறது அவங்ககிட்ட இருக்கற ஆவணத்த, அவங்க மனசுல இருக்கற காரணத்த இல்ல. ரெண்டாவது தடவ மாத்திக் கேட்டேன், இந்த தேதியில இருந்து இந்த தேதி வரைக்கும் எத்தன வண்டி பிடிச்சீங்க, போட்ட அபராதம் எவ்வளவு, அந்த ரெஜிஸ்டர் பக்கங்களோட நகல் வேணும்னு. இப்படித்தான் கேக்கணும், எண்ணிக்கை, தேதி, நகல். வேற ஆபீஸுக்கு தப்பா அனுப்பிட்டாலும் பயப்பட வேண்டாம், சரியான ஆபீஸுக்கு அவங்களே அஞ்சு நாளைக்குள்ள மாத்தி விடணும், செக்ஷன் 6(3).

ஸ்பீடு போஸ்ட்ல அனுப்புங்க, ரசீத போட்டோ எடுத்து வச்சுட்டு ஒரிஜினல பைல்ல ஒட்டிடுங்க. என் ரெண்டாவது மனுவோட ரசீது சட்டைப் பையில இருந்து அப்படியே துவைக்கப் போயிடுச்சு, அம்மா ஒரு வெள்ளை உருண்டைய எடுத்துக் குடுத்தாங்க. முப்பத்தி மூணாவது நாள் மேல்முறையீடு எழுத உக்காந்தப்ப, எந்த தேதியில அனுப்பினேன்னு காட்ட அந்த உருண்டைதான் இருந்தது, மறுபடி பத்து ரூபாய் கட்டி முதல்ல இருந்து ஆரம்பிச்சேன்.